யார் சொன்னது, எங்கிருந்து சொன்னது: தொப்பூர்ப் போரைத் தேடிய எல்லையோரப் பிள்ளைகள்

நேயர்களுக்கு வணக்கம்.

ஆந்திர எல்லையில், சித்தூர் மாவட்டத்தில், தமிழ் வழிப் பள்ளி ஒன்றில் சமூக அறிவியல் நடத்துகிறவன் நான். பிள்ளைகளுக்குப் போர்களைப் பற்றி எப்படிப் பாடம் நடத்துவது என்று பேசும்படி நிலையத்தார் கேட்டார்கள். போரைக் கதையாக நடத்துவதில் கஷ்டம் ஒன்றும் இல்லை. யானை வந்தது, குதிரை வந்தது, ராஜா விழுந்தார் என்று சொன்னால் கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும். அந்தப் போர் நடந்தது நமக்கு எப்படித் தெரியும் என்று பிள்ளைகளையே தேட வைப்பதுதான் கஷ்டம். ஒரே அரசுக்குள், ஒரே குடும்பத்துக்குள் நடந்த சண்டை என்றால் கஷ்டம் இரட்டிப்பு. ஏனென்றால் அங்கே அந்நியன் என்று யாரும் இல்லை. இரண்டு பக்கமும் நம்ம ஆட்கள்தான். ஆளுக்கு ஒரு கதை எழுதி வைத்துவிட்டுப் போயிருப்பார்கள்.

நாங்கள் எடுத்துக்கொண்டது தொப்பூர்ப் போர். 1616 கடைசியிலோ 1617 தொடக்கத்திலோ காவிரிக் கரையில், கல்லணைப் பக்கம் நடந்தது. விஜயநகர அரசுக்குள் நடந்த வாரிசுச் சண்டையின் உச்சம் அது. தலைக்கோட்டைப் போரை எல்லாப் பிள்ளைகளும் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள்: 1565, தக்காணச் சுல்தான்கள், ஹம்பி அழிந்தது. அதோடு விஜயநகரமே முடிந்துபோனது என்று நினைத்துக்கொள்வார்கள். அரசு முடியவில்லை. பெனுகொண்டாவுக்கு வந்து, பிறகு சந்திரகிரிக்கு வந்து, கடைசியில் வேலூருக்கு வந்து சேர்ந்தது. அதாவது எங்கள் வாசலுக்கே வந்தது. எங்கள் ஊர்க்காரர்கள் உடம்பு சரியில்லை என்றால் சி.எம்.சி.க்குப் பஸ் ஏறுகிறார்கள். வேலூரில் இறங்கினால் கோட்டை கண்ணில் படாமல் போகாது. அந்தச் சுவருக்குள்தான் தென்னிந்தியாவையே புரட்டிப்போட்ட கொலை ஒன்று நடந்தது என்று சொன்னால் பிள்ளைகள் முதலில் நம்புவதில்லை.

சுருக்கமாகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். 1586 முதல் அரசாண்ட இரண்டாம் வேங்கடபதி ராயர் 1614 அக்டோபரில் காலமானார். திருமலைக்குப் போகிறவர்களுக்கு அவரைத் தெரியும், தெரியாமலே தெரியும். கோயில் நுழைவு மண்டபத்தில் கிருஷ்ணதேவராயரும் இரண்டு தேவியரும் கைகூப்பி நிற்கிற சிலைகளைக் காட்டி எல்லோரும் பேசுவார்கள். அதே மண்டபத்தில் வேங்கடபதி ராயரின் உலோகச் சிலையும் நிற்கிறது. வரிசை நகர்கிற வேகத்தில் யாரும் அதைக் கவனிப்பதில்லை.

சாகும் முன் அவர் பட்டத்தைத் தம் அண்ணன் மகன் ஸ்ரீரங்கருக்குக் கொடுத்தார். ராணி ஒருத்திக்கு மகன் என்று ஒரு பையன் இருந்தான். அவனைத் தாண்டி இந்த முடிவு. ராணியின் நெருங்கிய உறவினரான ஜக்கராயர் இதை ஒத்துக்கொள்ளவில்லை. சில தலைவர்களைச் சேர்த்துக்கொண்டு ஸ்ரீரங்கரைப் பிடித்து வேலூர்க் கோட்டையில் காவலில் வைத்தார். வெலுகோட்டி யாசம நாயக்கர் மட்டும் எதிர்த்து நின்றார். வெங்கடகிரி ஜமீன் குடும்பத்தின் முன்னோர் அவர். ஸ்ரீரங்கரின் மகன்களில் ஒருவனைத் துணிமூட்டைக்குள் வைத்து ஒரு வண்ணார் வெளியே கொண்டுவந்துவிட்டார். உள்ளே இருந்தவர்களை மீட்கச் சுரங்கம் தோண்டிப் பார்த்தார்கள், நடக்கவில்லை. ஸ்ரீரங்கர் குடும்பத்தோடு மாண்டார். தப்பிய சிறுவன் ராமதேவன். அவனுக்காக யாசமர் ஒரு பக்கம், ராணியின் பையனுக்காக ஜக்கராயர் ஒரு பக்கம். இரண்டு வருடத்துக்கும் மேல் சண்டை இழுத்தது. மதுரை முத்துவீரப்ப நாயக்கரும் செஞ்சி கிருஷ்ணப்ப நாயக்கரும் ஜக்கராயர் பக்கம் சேர்ந்தார்கள். தஞ்சை இரகுநாத நாயக்கர் ராமதேவன் பக்கம் நின்றார். காவிரிக் கரையில் மோதினார்கள். ஜக்கராயர் விழுந்தார். ராமதேவன் ராயரானான்.

இவ்வளவையும் நான் வகுப்பில் முதல் நாளே சொல்வதில்லை. உங்களுக்குச் சொன்னது நேரத்தை மிச்சம் பிடிக்க. பிள்ளைகளுக்கு முதல் நாள் கொடுப்பது ஒரு காகிதம் மட்டும். அதில் இரண்டு செய்திகள் இருக்கும். கொச்சியில் இருந்த மானுவல் பராதாஸ் என்ற போர்ச்சுகீசிய ஏசு சபைப் பாதிரியார் 1616 டிசம்பர் 12ஆம் தேதி எழுதிய கடிதத்திலிருந்து ஒரு பத்தி. மசூலிப்பட்டினத்தில் ஆங்கிலேயர் கப்பலுக்காக வியாபாரம் பார்த்த பீட்டர் ஃப்ளோரிஸ் என்ற டச்சுக்காரரின் நாட்குறிப்பிலிருந்து சில வரிகள். இரண்டுமே வேங்கடபதி ராயர் இறந்த செய்தியைச் சொல்கின்றன. இவர்கள் இருவரும் எதில் ஒத்துப்போகிறார்கள், எதில் இடிக்கிறார்கள் என்று பார்த்து வாருங்கள் என்பதோடு அன்றைய பாடம் முடிந்துவிடும்.

ஒத்துப்போவது ஒன்று பளிச்சென்று தெரியும். ராயரோடு மூன்று ராணிகள் எரிந்து இறந்தார்கள் என்று இருவருமே எழுதுகிறார்கள். ஒருவர் மலையாளக் கரை, ஒருவர் ஆந்திரக் கரை. ஒருவர் பாதிரியார், ஒருவர் வியாபாரி. அதிலும் போர்ச்சுகீசியருக்கும் டச்சுக்காரருக்கும் அன்றைக்கு ஆகவே ஆகாது. அப்படிப்பட்ட இரண்டு பேர் தனித்தனியாக மூன்று என்ற எண்ணைச் சொன்னால் அதற்குக் கனம் உண்டு. ஃப்ளோரிஸ் கூடுதலாக ஒன்றும் சொல்கிறார்: இறந்தவர்களில் ஒருத்தி பழவேற்காட்டை ஆண்ட ஓபயம்மா. பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டிய நேரம் அது. அந்தக் கரையில் வியாபாரம் பார்க்கிறவருக்கு அந்த ராணியின் பெயர் தெரியாமல் இருக்க முடியாது. பாதிரியாருக்குத் தெரியாதது வியாபாரிக்கு ஏன் தெரிந்தது என்பதைப் பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடித்துவிடுவார்கள். வரைபடத்தில் பழவேற்காட்டைக் காட்டினால் போதும்.

இடிப்பது இதே ஃப்ளோரிஸிடம்தான் இருக்கிறது. ராயர் ஐம்பது வருடம் போல ஆண்டார் என்று எழுதிவிட்டார். 1586இலிருந்து 1614 வரை எண்ணிப் பாருங்கள், இருபத்தெட்டு. அந்தக் காலத்திலேயே, அந்தக் கரையிலேயே இருந்தவர் இப்படி எழுதலாமா? எழுதலாம். ராஜா கிழவர், நெடுங்காலம் ஆண்டவர் என்று கடைத்தெருவில் பேச்சு இருந்திருக்கும். இங்கே பிள்ளைகள் வழக்கமாக இரண்டில் ஒன்றைச் செய்வார்கள். இந்த ஆள் பொய் சொல்கிறார், தூக்கிப்போடு என்பார்கள் சிலர். அவரே எழுதியிருக்கிறார், அதனால் ஐம்பதுதான் என்பார்கள் சிலர். ஒரே சான்று ஒரு விஷயத்தில் நம்பகமாகவும் இன்னொன்றில் தவறாகவும் இருக்கலாம் என்பது பெரியவர்களுக்கே சட்டென்று பிடிபடாத சங்கதி. எட்டாவது படிக்கிற பிள்ளைக்கு அதைப் புரியவைக்க இந்த ஐம்பது வருடத்தைவிட நல்ல உதாரணம் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

சரி, ஆண்டுக் கணக்கை எப்படி நிச்சயம் பண்ணுகிறோம்? கல்வெட்டும் செப்பேடும் வைத்து. ஆற்காட்டுக்கு அருகில் உள்ள விளாப்பாக்கத்துச் செப்பேடு இதே வேங்கடபதி ராயர் கொடுத்தது. அதில் இருப்பது சக வருடம் 1523. எழுபத்தெட்டைக் கூட்டினால் 1601. இந்தக் கூட்டலைப் பிள்ளைகள் ஒரே நாளில் பிடித்துக்கொள்கிறார்கள். தமிழ் வருடப் பெயரையும் சேர்த்துச் சொல்லிக்கொடுப்பேன். ராயர் இறந்தது ஆனந்த வருடம். போர் நடந்தது நள வருடத்து வாக்கில். வீட்டில் தாத்தா பஞ்சாங்கம் பார்க்கிறவர் என்றால் அறுபது அறுபதாகக் கழித்துச் சரிபார்த்து வருவார்கள். வெறும் தேதி மனப்பாடத்தைவிட இது எவ்வளவோ மேல்.

இப்போது பத்து லட்சம் விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

பராதாஸ் தம் கடிதத்தில், திருச்சிராப்பள்ளி வெளியில் படைகள் கூடியிருக்கின்றன, ஒவ்வொரு பக்கமும் லட்சம் பேர் என்றில்லை, மொத்தம் பத்து லட்சம் வரை இருக்கும் என்கிறார். இணையத்தில் இந்தப் போரைத் தேடினால் இந்தப் பத்து லட்சம்தான் பெரிய எழுத்தில் முன்னால் வந்து நிற்கிறது. தென்னிந்திய வரலாற்றிலேயே மிகப் பெரிய போர் என்று அதை வைத்துக்கொண்டு அடித்துப் பேசுகிறவர்களும் உண்டு. பிள்ளைகளுக்கும் அந்த எண் இனிக்கும். நான் மறுப்பதில்லை. கணக்கு நோட்டை எடுங்கள் என்பேன்.

ஆளுக்கு ஒரு நாளைக்கு அரைக் கிலோ அரிசி. இது ரொம்பக் குறைவு, உழைக்கிற ஆளுக்குப் போதாது, ஆனாலும் வைத்துக்கொள்வோம். பத்து லட்சம் பேருக்கு ஐந்து லட்சம் கிலோ. ஐந்நூறு டன். பத்து டன் ஏற்றுகிற லாரி என்றால் தினமும் ஐம்பது லாரி. அன்றைக்கு லாரி ஏது, பொதிமாடு. ஒரு மாடு நூறு கிலோ சுமக்கும் என்றால் தினமும் ஐயாயிரம் மாடு வந்து இறக்கிவிட்டுப் போக வேண்டும். அந்த மாடுகளுக்குப் புல், குதிரைக்குக் கொள்ளு, யானைக்குத் தழை. பிறகு குடிதண்ணீர், விறகு, கழிவு. பையன்கள் சிரிக்க ஆரம்பிக்கும் இடம் அந்தக் கடைசி வார்த்தை. சிரித்து முடித்ததும் யாராவது ஒரு பெண் பிள்ளை எழுந்து, சார், அந்த ஊர்க்காரங்க அந்த வருஷம் என்ன சாப்பிட்டிருப்பாங்க என்று கேட்கும். வகுப்புக்கு வகுப்பு ஆள் மாறுகிறது, கேள்வி மாறுவதில்லை.

அந்தக் கேள்விக்காகத்தான் இத்தனை கூட்டலும் பெருக்கலும். படை கூடியது மார்கழி வாக்கு. சம்பா வயலில் கதிர் முற்றுகிற காலம். விளைந்த நெல் வீட்டுக்கு வருவதற்குள் படை வந்து இறங்கினால் என்ன ஆகும் என்று விவசாய வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் சொல்லவே வேண்டாம். ஏன் இந்த இடத்தில் வந்து கூடினார்கள் என்பதற்கும் அவர்களே விடை ஊகிக்கிறார்கள்: தண்ணீரும் நெல்லும் இருக்கிற இடம். ஊகம் என்று பக்கத்தில் எழுதிக்கொள்ளச் சொல்வேன். அணையைப் பற்றியும் ஒரு சேதி உண்டு. எதிரிகள் காவிரி அணையை உடைத்துவிட்டார்கள் என்று தஞ்சை அரசவைக் காவியம் குற்றம் சாட்டுகிறது. அது உண்மையென்றால் நஷ்டம் ராஜாக்களுக்கா, கடைமடைக்காரனுக்கா என்று பத்து நிமிடம் விவாதம் ஓடும்.

பத்து லட்சம் என்று பராதாஸ் ஏன் எழுதினார்? அவர் கொச்சியில் இருந்தார். திருச்சியைக் கண்ணால் பார்க்கவில்லை. செய்தி மலை தாண்டி வர வாரக்கணக்கில் ஆகியிருக்கும். கடிதம் எழுதும்போது போர் நடந்து முடிந்ததாகவே அவர் சொல்லவில்லை. கூடியிருக்கிறார்கள் என்றுதான் சொல்கிறார். இதை வைத்துத்தான் போரின் காலத்தையே நாம் ஏறத்தாழ நிர்ணயம் பண்ணுகிறோம். ஆக, எண்ணிக்கைக்கு அவரை நம்பாத நாம் காலத்துக்கு அவரைத்தான் நம்பியிருக்கிறோம்.

அதே பராதாஸ் ஸ்ரீரங்கரின் குடும்பம் மாண்டதை நேரில் பார்த்தவர் போல விரிவாக எழுதுகிறார். அந்த அறைக்குள் இருந்தவர்கள் யார் என்று கேட்டு ஒரு பட்டியல் போடச் சொல்வேன். செத்தவர்கள் ஒரு பக்கம், சாகடிக்க வந்தவர்கள் ஒரு பக்கம். அப்படியானால் உள்ளே நடந்த பேச்சை வெளியே சொன்னது யார்? ராணியின் மகன் உண்மையில் ராணிக்குப் பிறக்கவில்லை, ஒரு பிராமணப் பெண்ணின் குழந்தையை வாங்கி வளர்த்தாள் என்ற கதையையும் அவர்தான் நிச்சயமாகச் சொல்கிறார். இந்தக் கதை பரவினால் யாருக்கு லாபம்? யாசமர் கட்சிக்கு. கதை உண்மையாகவும் இருக்கலாம். லாபம் இருக்கிறது என்பதற்காகப் பொய் என்று முடிவு கட்டக் கூடாது என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் எல்லாவற்றையும் சந்தேகப்படுவதுதான் புத்திசாலித்தனம் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். அது இன்னும் மோசமான வியாதி.

இதுவரை சொன்னது வெளியாட்கள் எழுதியது. இனி வீட்டுக்காரர்கள் எழுதியது. தஞ்சையில் இரகுநாத நாயக்கரின் அவையில் இருந்த கவி இராமபத்ராம்பா. பெண் கவி. இரகுநாதரைப் பாட்டுடைத் தலைவராக்கிப் பன்னிரண்டு சருக்கத்தில் வடமொழிக் காவியம் எழுதினார். இரகுநாதாப்யுதயம் என்று பெயர். அதில் இந்தப் போரின் நாயகர் யார் என்று கேட்கவே வேண்டாம். இரகுநாதர் வந்தார், வென்றார், ராமதேவருக்குக் கும்பகோணத்தில் முடிசூட்டினார். இன்னொரு பக்கம் வெலுகோட்டிக் குடும்பத்தின் வம்சாவளி, தெலுங்குப் பாட்டாக இருக்கிறது. அதில் யாசமர்தான் சிங்கம். இரண்டும் ஒரே அணிக்காரர்களின் வீட்டுப் பாடல்கள் என்பதைக் கவனியுங்கள். வென்ற பக்கத்துக்குள்ளேயே வெற்றி யாருடையது என்று போட்டி.

இதில் நம் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அதிர்ச்சி ஒன்றும் இல்லை. செஞ்சோற்றுக் கடன் அவர்களுக்குத் தெரியும், கர்ணன் கதை கேட்டு வளர்ந்தவர்கள். பரணி பாடியவர்கள் தோற்ற நாட்டின் பெயரைத் தலைப்பில் போட்டுக்கொண்டு வென்றவரைத்தான் பாடினார்கள் என்று தமிழ் ஐயா ஏற்கெனவே நடத்தியிருப்பார். ஆகவே எங்கள் நோட்டில் வழக்கமான நாலு கட்டத்தோடு ஐந்தாவதாக ஒன்று சேர்ந்துவிட்டது. என்ன சொல்கிறது, யார் சொன்னது, எங்கிருந்து, எப்போது என்பது நாலு கட்டம். சொன்னவருக்குச் சோறு போட்டது யார் என்பது ஐந்தாவது. பெயர் வைத்தது பிள்ளைகள்தான். ஐந்தாவது கட்டத்தை நிரப்புவதற்குத்தான் அதிக நேரம் பிடிக்கிறது.

மூலத்தை எங்கே பார்ப்பது என்று ஆசிரிய நண்பர்கள் கேட்பார்கள். எஸ். கிருஷ்ணசாமி அய்யங்கார் தொகுத்து, சென்னைப் பல்கலைக்கழகம் 1919இல் வெளியிட்ட விஜயநகரச் சான்றுத் தொகுப்பு ஒன்று உண்டு. வடமொழி, தெலுங்குப் பகுதிகள் மூலமாகவும் ஆங்கிலக் குறிப்போடும் இருக்கும். வேண்டிய பக்கங்களை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டால் போதும். எங்கள் பிள்ளைகளுக்கு இங்கே ஒரு வசதி. தமிழ் வழியில் படித்தாலும் தெலுங்கு ஒரு பாடமாக இருக்கிறது, தெருவில் பேசுவதும் பாதி தெலுங்கு. பழைய பாட்டு அப்படியே புரியாது. தெலுங்கு பண்டிட்டிடம் போய் உட்கார்ந்தால் நாலு வரிக்குப் பொருள் சொல்லிவிடுவார். பக்கத்து மாவட்டத்தில், வேலூர்ப் பக்கம் படிக்கிற பிள்ளைகளுக்கு இந்த வசதி கிடையாது. எல்லையில் இருப்பதால் இரண்டு பக்கமும் இரண்டாந்தரமாகப் பார்க்கப்படுகிறோம் என்று எங்கள் ஊரில் ஒரு மனத்தாங்கல் உண்டு. இந்தப் பாடத்தில் மட்டும் எங்கள் பிள்ளைகள் கொஞ்சம் தலைநிமிர்ந்து நடப்பார்கள்.

இடம் தேடுவதில் ஒரு சிக்கல் வரும். தொப்பூர் என்றதும் கைப்பேசி வரைபடம் தர்மபுரிக்கும் சேலத்துக்கும் நடுவில் உள்ள தொப்பூர்க் கணவாயைக் காட்டும். லாரிகள் அடிக்கடி விபத்தாகிற அதே கணவாய். பிள்ளைகளில் பாதிப் பேர் சார்ட்டில் அங்கேதான் குண்டூசி குத்துவார்கள். நான் தடுப்பதில்லை. அந்த இடத்திலிருந்து கல்லணை எவ்வளவு தூரம், மதுரைப் படையும் செஞ்சிப் படையும் எந்த வழியாக வந்திருக்கும், தஞ்சைப் படை எங்கே எதிர்கொள்ளும் என்று நூலை வைத்து அளக்கச் சொல்வேன். அணை உடைந்த கதையும் திருச்சி வெளியும் ஒன்றாகச் சேர்ந்து வராது. அப்போது குண்டூசி தானாகப் பிடுங்கப்பட்டுக் கிழக்கே நகரும். கல்லணைக்குப் பக்கத்தில் இன்று தோகூர் என்று இருக்கிற ஊர்தான் அது என்று ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். எங்கள் ஊரிலிருந்து அவ்வளவு தூரம் பிள்ளைகளைக் கூட்டிப்போக முடியாது. வேலூர்க் கோட்டைக்கும் சந்திரகிரி ராஜமகாலுக்கும் போகலாம், போகிறோம். அங்கே போனால் வழிகாட்டிகள் சுரங்கப்பாதைக் கதை சொல்லாமல் விடமாட்டார்கள். இந்தப் பக்கத்தில் சுரங்கப்பாதை இல்லாத கோட்டையே கிடையாது போல. கேட்டுக்கொண்டு வந்து நோட்டில் எழுதச் சொல்வேன், ஐந்து கட்டமும் போட்டு.

கொஞ்சம் சிக்கலான விஷயம் ஒன்றையும் சொல்லத்தான் வேண்டும். உள்நாட்டுப் போர் என்றதும் பிள்ளைகள் கட்சி சேர்ந்துவிடுகிறார்கள். அவர் எங்க ஆளு சார் என்று ஒரு பையன் சொல்வான். வீட்டில் யாரோ சொல்லி அனுப்பியிருப்பார்கள். உடனே இன்னொரு மூலையிலிருந்து பதில் வரும். அடுத்த நாள் அது தெலுங்குப் பக்கம், தமிழ்ப் பக்கம் என்று மாறும். இதை அதட்டி அடக்கினால் வகுப்பில் அடங்கும், மைதானத்தில் வெடிக்கும். சான்றை வைத்தே கரைக்க வேண்டும். மதுரை நாயக்கர், தஞ்சை நாயக்கர், செஞ்சி நாயக்கர் மூவருமே தெலுங்கு வழி வந்தவர்கள், தமிழ்நாட்டை ஆண்டவர்கள். அதில் ஒருவர் ஒரு பக்கம், இருவர் மறுபக்கம். படையில் நடந்தவன் எந்த மொழிக்காரன் என்று பார்த்தால் இரண்டு பக்கமும் கலந்துதான் இருந்திருப்பான். மொழிக்காகவோ சாதிக்காகவோ நடந்த சண்டை என்று எந்தச் சான்றும் சொல்லவில்லை. பட்டத்துக்கும், ராயருக்குக் கட்டவேண்டிய திறைக்கும், பக்கத்து நாயக்கர் மேல் இருந்த பழைய பகைக்கும் நடந்தது. இன்னொன்றும் செய்வேன். எந்தப் பையன் யாசமரை எங்க ஆளு என்கிறானோ, அவனை ஜக்கராயர் பக்கத்து நியாயத்தை எழுதி வரச் சொல்வேன். முகத்தைத் தூக்கிக்கொண்டு போவான். வரும்போது நல்ல கேள்விகளோடு வருவான்: வளர்ப்புப் பிள்ளைக்குப் பட்டம் இல்லையா, ராயர் சொன்ன வார்த்தையே சட்டமா, சாட்சி யார்? தோற்றுப்போனவருக்கு வம்சாவளி பாட ஆள் இல்லாததால் அவர் பக்கத்து வாதம் நமக்கு எதிராளியின் வாய் வழியாகத்தான் கிடைக்கிறது. அதை அந்தப் பையன்தான் வகுப்புக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

உடன்கட்டையையும் குழந்தைகள் கொலையையும் பதிமூன்று வயதுப் பிள்ளைகளிடம் பேசலாமா என்று பெற்றோர் சிலர் கேட்டிருக்கிறார்கள். பேசலாம் என்பது என் கட்சி. நாடகமாக நடிக்க விடக் கூடாது, அவ்வளவுதான். ஆண்டு விழாவில் ஒரு ராணி தீயில் குதிப்பதை வண்ணத் துணி ஆட்டி நடித்துக் கைதட்டல் வாங்குவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்த ராணிகளைப் பற்றி எழுதிய இருவரும் ஆண்கள், வெளிநாட்டார். ராணிகள் வாயால் சொன்ன சொல் இந்தச் சான்றுகளில் நமக்கு வந்து சேரவில்லை. அதைச் சொல்லிவிட்டு, இராமபத்ராம்பா என்ற பெண் அதே காலத்தில் தஞ்சையில் உட்கார்ந்து போரையே பாடினார் என்பதையும் சொல்ல வேண்டும். துணிமூட்டையோடு வெளியே வந்த வண்ணாருக்கும் பெயர் இல்லை. அவர் பிடிபட்டிருந்தால் தலை போயிருக்கும். பின்னால் ராயரான சிறுவன் அவருக்கு என்ன செய்தான் என்று ஒரு பிள்ளை கேட்டது. நல்ல கேள்வி என்று மதிப்பெண் போட்டேன்.

மதிப்பெண் என்றதும் நினைவு வருகிறது. இதற்கெல்லாம் நேரம் ஏது, பத்தாவது பப்ளிக் வருகிறதே என்பார்கள். அதனால்தான் எட்டாவது, ஒன்பதாவதில் செய்யச் சொல்கிறேன். வாரம் ஒரு பீரியட் போதும், ஒரு பருவத்தில் முடியும். சார்ட்டில் வாள், கேடயம் வரைந்து ஜிகினா ஒட்டி வருவதை நான் ப்ராஜெக்ட்டாக எடுத்துக்கொள்வதில்லை. இணையத்திலிருந்து இறக்கிய போர்க்களப் படமும் வேண்டாம். இப்போது கணினியே வரைந்து தள்ளுகிறது, கிருஷ்ணதேவராயருக்கும் ஜக்கராயருக்கும் ஒரே மீசை. கேட்பது ஒரே ஒரு பக்கம். போரைப் பற்றிப் பத்து வாக்கியம். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில் ஓர் எழுத்து: தெரியும் என்றால் தெ, சொல்கிறார்கள் என்றால் சொ, நாங்கள் ஊகிக்கிறோம் என்றால் ஊ. எழுத்தைச் சரியாகப் போட்டால்தான் மதிப்பெண். ஜக்கராயர் போரில் மாண்டார், தெ. இரகுநாதர் காவிரி அணையை உடைத்தவர்களைத் தண்டிக்க வந்தார், சொ. சம்பா நெல்லுக்காகத்தான் அங்கே கூடினார்கள், ஊ. நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் இதில் தடுமாறுவதையும், சுமாராகப் படிக்கிற பிள்ளைகள் அசத்துவதையும் பார்த்திருக்கிறேன். மனப்பாடத்துக்கு இங்கே வேலை குறைவு.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கிற ஆசிரியர்கள் தொப்பூரையே எடுக்க வேண்டும் என்று இல்லை. வாணியம்பாடி, குப்பம் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஆம்பூர்ப் போர் பக்கத்திலேயே இருக்கிறது. 1749 ஆகஸ்ட் 3ஆம் தேதி. ஆற்காட்டு நவாப் பட்டத்துக்கு அன்வருத்தீன் கானும் சந்தா சாகிபும் மோதினார்கள். சந்தா சாகிப் பக்கம், ஹைதராபாத் நிஜாம் பட்டத்துக்கு உரிமை கோரிய முசாபர் ஜங்கும் பிரெஞ்சுக்காரர்களும். அன்வருத்தீன் அங்கேயே விழுந்தார், அவர் மகன் முகம்மது அலி திருச்சிக்குத் தப்பினார். அந்தச் சண்டைக்கு நமக்குக் கூடுதலாக ஒரு சான்று உண்டு: புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. தமிழில் எழுதியது, அன்றன்றைக்கு எழுதியது. ஆகஸ்ட் மாதத்துப் பக்கங்களை எடுத்து வகுப்பில் உரக்கப் படிக்கவிடுங்கள். சேதி ஆம்பூரிலிருந்து புதுச்சேரிக்கு எந்த நாள் வந்தது, முதலில் என்ன வந்தது, மறுநாள் எப்படி மாறியது என்று பிள்ளைகள் கோடு போடட்டும். ஐந்தாவது கட்டத்தில் பிள்ளையவர்களுக்குச் சோறு போட்டது யார் என்று எழுத அவர்களுக்கு வெகு நேரம் ஆகாது.

வாய்ப்புக் கொடுத்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.